செருப்பு கொடுக்கிற ஐந்து நிமிடம்

பெங்களூரு
3.11.2025

அன்புள்ள ஸஞ்சனாவுக்கு அம்மாவின் ஆசிகள். மேதாக்குட்டிக்கு முத்தங்கள்.

நீ கல்யாணம் செய்துகொண்டு போன நாலு வருஷத்தில் இதுதான் முதல் கடிதம். கோபப்படாதே. என் போன் அப்பா கையில். இதைப் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் தபாலில் சேர்ப்பாள். பதிலையும் அவள் பெயருக்கே போடு.

கண் கொஞ்சம் மங்கல். டாக்டர், பார்க்க ஆசைப்பட்டதை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "என்ன பாக்கணும் சொல்லு, திருப்பதியா, பத்ரியா?" என்றார். மைசூரு என்றேன். அரண்மனையைச் சொல்கிறேன் என்று நினைத்து டூரிஸ்ட் பஸ்ஸில் இரண்டு சீட் போட்டுவிட்டார்.

16ஆம் தேதி, ஞாயிறு. ஸ்ரீரங்கப்பட்டணம் முடித்து பதினொன்றரைக்கு அரண்மனை. செருப்பு வைக்கிற இடத்தில் நில். எந்தக் கோயிலானாலும் அப்பா செருப்பைக் கழற்றி என்னிடம் தள்ளிவிட்டு முன்னால் போய்விடுவார், உனக்குத்தான் தெரியுமே. அந்த ஐந்து நிமிடம் போதும். குழந்தையை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

அம்மா
குமுதவல்லி

விஜயநகர், மைசூரு
7.11.2025

என் அம்மாவுக்கு,

உன் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. கண் எவ்வளவு தெரிகிறது? மறைக்காமல் எழுது.

இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் அரண்மனைக்குள் போனதில்லை. நேற்று உன் மாப்பிள்ளை ஹேமந்த் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினார். பெற்ற தாயைத் திருடி மாதிரி பார்க்க வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக இருக்கிறது. ஆனாலும் பத்து மணிக்கே வந்து நிற்பேன். மேதா கன்னடத்தில் 'அஜ்ஜி' என்கிறாள். 'பாட்டி' பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

உன்
ஸஞ்சனா

பெங்களூரு
18.11.2025

ஸஞ்சனா,

நான் சொல்லச் சொல்லப் பஞ்சவர்ணம் எழுதுகிறாள்.

பஸ்ஸிலிருந்து இறங்குமுன்பே கைடு, "செருப்பெல்லாம் வண்டிலயே விட்ருங்க, அங்க கூட்டம்" என்றுவிட்டார். கொடுக்கச் செருப்பே இல்லை. வெயிலில் வெறுங்காலோடு நடந்தோம். அப்பா என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. படி இருக்கு, தூண் இருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தார். உன் பெயரைச் சொன்னாலே எரிந்து விழுகிற மனுஷர் அன்றைக்கு அவ்வளவு பிரியமாக இருந்தார். எப்படி உதறுவேன்?

ஆனால் நீ எங்கே போனாய்? நாங்கள் வருவதைப் பார்த்திருந்தால் ஓடி வந்திருக்க மாட்டாயா? எதிரில் வந்திருந்தால் பெற்றவளுக்கு மகள் முகம் தெரியாதா? மனசு வரவில்லையா உனக்கு? எதுவானாலும் ஒரு வரி எழுதிப் போடு. என்னால் தாங்க முடியவில்லை.

அம்மா

விஜயநகர், மைசூரு
21.11.2025

அம்மாவுக்கும், இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டப்போகும் அப்பாவுக்கும்,

இந்தத் தடவை நேராக வீட்டு முகவரிக்கே போடுகிறேன். அப்பா, ஒரு வரியும் விடாமல் உரக்கப் படியுங்கள்.

அம்மா, நான் வந்தேன். நீங்கள் இருவரும் வெறுங்காலோடு உள்ளே போவதைப் பார்த்ததும் டிக்கெட் வாங்கிக்கொண்டு, மேதாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அரண்மனைக் கல்யாண மண்டபத்துக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே உன் எதிரில் ஓரடி தூரத்தில் நின்றேன். நீயே அடையாளம் கண்டுகொள்வாய் என்று மேதாவை உன் பக்கம் திருப்பிப் பிடித்தேன். நீ என் முகத்தைப் பார்த்து, "ஸ்வல்ப ஜாக பிடம்மா" என்றாய். என்னை யாரோ ஊர்க்காரி என்று நினைத்து, கன்னடத்தில் வழி கேட்டாய். நகர்ந்துகொண்டேன். என் இடுப்பிலிருந்த குழந்தையின் கால் உன்மேல் பட்டது. அதைத் தொட்டுப் பார்த்து, "மகுவா?" என்று, குழந்தையா என்று அதையும் கன்னடத்திலேயே கேட்டு, சிரித்துவிட்டுப் போனாய்.

கண்ணைப் பற்றி ஏன் அம்மா மறைத்தாய்?

அப்பா, நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். மேதாவையும் பார்த்தீர்கள். "மேல மயில் போட்டிருக்கு பாரு" என்று அம்மாவைத் திருப்பிக்கொண்டு போய்விட்டீர்கள்.

இதற்கு முன்னாலேயே படிப்பதை நிறுத்திவிட்டீர்களா? அப்படியானால் அம்மாவுக்கு நான் கடைசிவரை வராத மகள்தான். நிறுத்தவில்லை என்றால் இதையும் சொல்லிவிடுங்கள்: அம்மா, நீ தொட்டது மேதாவின் கால்.

ஸஞ்சனா