யோக்கியன் வீட்டுத் தந்தி

சேசு மரி சூசை துணை

கற்பிட்டி,
1938 ஆடி மாதம்

அன்புள்ள மகன் அருளப்புவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், மலைநாட்டுக் குளிரில் நீயும் சுகமாயிருக்கத் தினமும் செபமாலை சொல்கிறேன். காற்றுக் காலமென்று அப்பா கடலுக்குப் போகாமல் களப்பில்தான் வலை போடுகிறார், நல்ல இறால் படுகிறது, ஆக்கிவிட்டு உன்னை நினைத்து எனக்குத்தான் இறங்குவதில்லை. தோட்டத்து ஸ்டோர் சாவியைத் துரை உன்னிடம் தந்து, இவன் யோக்கியன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாராம் என்று எழுதியிருந்தாய். மகனே, எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை ஏச்சுக்குத்தானே எடுப்பார்கள். அப்பா சாராயத்தை விடப்போகிறேன் என்ற அன்று உன் சித்தப்பா லோறன்ஸ், ஓம் ஓம், பெரிய யோக்கியன் வந்திட்டார் என்று சிரித்தது நினைவிருக்கும். எங்கள் வீட்டு ஆளை ஒருவர் நக்கலில்லாமல் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டு இசபெலிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது.

அதே கடிதத்தின் கீழே, தலவில் அன்னம்மாள் கோயில் திருநாளுக்குத் துரை லீவு தரமாட்டார், அம்மாவுக்கு நோய் கடுமை என்று தந்தி வந்தால்தான் விடுவார், ஒன்று அடியுங்கள் என்றும் எழுதியிருந்தாய். போன திருநாளும் நீ இல்லாமலே போயிற்று. உன் முகத்தைப் பார்ப்பதற்குப் பொய் என்ன, களவும் எடுப்பேன் என்று லோறன்ஸைக் கூட்டிக்கொண்டு தபால் கந்தோருக்குப் போனேன். தந்தி மாஸ்டர் எழுதிக்கொண்டே, ஆருக்கம்மா கடுமை என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். அவர் நிமிர்ந்து, கருவாட்டுப் பையோடு நின்ற என்னைப் பார்த்தார். லோறன்ஸ் சிரித்துவிட்டான், எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கம் வந்தது. அப்போதுதான் யோசித்தேன், துரை அதை வாசித்து, பாவம் தாய் என்று உன்னை அனுப்புவார். நீ திரும்பிப் போனதும் அம்மாவுக்கு எப்படி என்று கேட்பார், அதற்கும் ஒரு பொய் வேண்டும். அதன் பிறகு அவர் யோக்கியன் என்று சொன்னால், உன் காதுக்கு அது லோறன்ஸ் சொல்வதைப் போலத்தான் கேட்கும். வேண்டாம் மாஸ்டர் என்று தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிள்ளையைப் பார்க்க ஆசையில்லையோ மச்சாள் என்று லோறன்ஸ் ஏசினான், வழியெல்லாம் அழுதேன். ஆசை இருக்கிறது மகனே, ஒரு காய்ச்சலாவது மெய்யாக வராதா என்று நேர்ந்துகொள்ளும் அளவுக்கு இருக்கிறது.

துரையிடம் நேரே கேள், அம்மா என்னைப் பார்க்க ஆசைப்படுகிறா, வேறொன்றுமில்லை என்று சொல். தந்தால் வா, தராவிட்டால் மனம் கசக்காமல் வேலையைப் பார். கம்பளிச் சட்டையைக் கழற்றாதே, பூசை தவறாதே, அன்னம்மாள் உன்னைக் காப்பாள். ஒன்றை மட்டும் மறவாதே, எனக்குக் கடுமை என்று இந்த வீட்டிலிருந்து என்றைக்காவது தந்தி வந்தால் அது மெய், ஒருவரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் ஓடி வா.

உன் வழியைப் பார்த்திருக்கும் அம்மா,
மக்தலேனா