வைலே அள்ளிக்கொண்டு போன பெடியள்

1988 ஏப்ரல் 23, சனி

பயிற்சிக்கு இன்று இரண்டு பேர் வரவில்லை. ஒருவருக்குக் காய்ச்சல். மற்றவர் பக்கத்து ஊர் வைலே ரீமுக்குப் போய்விட்டார். வீடு மாறவில்லை, வேலை மாறவில்லை. இங்கே பிரெடெரிசியாவில் படுத்து எழும்பி, ரயிலேறிப் போய் வைலேக்காகப் பந்தடிக்கப் போகிறாராம். காய்ச்சல்காரன் எவ்வளவோ மேல்.

இந்த வருடத்தில் இப்படி எத்தனை பேர்! எங்கள் ரீம், யாழ்ப்பாணத்தில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள் இங்கே வந்து சேர்ந்து தொடங்கியது. வைலே ரீமைத் தொடங்கியவர்கள் எதிர்க் கல்லூரிக்காரர். ஊரில் வருடத்துக்கு ஒரு மட்ச் நடக்கும். அதற்கு முதல் கிழமை இரண்டு பக்கத்துக்கும் சாப்பாடு இறங்காது. டென்மார்க்கிலும் அதே கதைதான், ஓகஸ்டில் தமிழர் சுற்றுப்போட்டி வரும்போது. என்ன, வைலேயில் கதிர்காமு இருக்கிறார்.

அவர்களுடைய பழைய சென்ரர் போர்வேர்ட் கதிர்காமு. இப்போது வயிறு வைத்துவிட்டது. ஆடுவதில்லை, ஆள் பிடிக்கிறார். அகதி முகாமுக்குப் புதிதாக ஒரு தமிழ்ப் பெடியன் வந்தால் கோழிக்கறிப் பார்சலோடு அவருடைய கார் வாசலில் நிற்கும். அந்தப் பெடியன் டெனிஷில் நன்றி சொல்லப் பழக முன்னமே வைலே ஜேர்சி அவன் முதுகில் ஏறிவிடும்.

எனக்கு முழங்கால் போய்விட்டது. என்னால் முடிந்தது கோட்டோரம் நின்று கத்துவது. அதைக் குறையில்லாமல் செய்கிறேன். மைதானத்துக்குப் பக்கத்தில் நாயோடு நடக்கிற டெனிஷ் கிழவர் இன்றும் "றோ போ, மரியா" என்றார். அமைதி, அமைதி என்று அர்த்தம். தொழிற்சாலையிலும் நான் மரியாதான். மரியரட்ணம் அவர்கள் வாய்க்கு நீளமாம்.

1988 ஓகஸ்ட் 6, சனி

ஆறுக்குப் பூச்சியம்.

எழுத மனமில்லை.

1988 ஓகஸ்ட் 7, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை. வைலே அடித்த ஆறில் நாலை அடித்தவர்கள் பிரெடெரிசியாவில் குடியிருப்பவர்கள். அதில் ஒருவன் பூசையில் எனக்கு முன் வாங்கில் இருந்தான். சமாதானம் சொல்லும் நேரம் திரும்பிக் கை நீட்டினான். கொடுத்தேன். ஆண்டவருக்காகக் கொடுத்தேன்.

எங்கள் கப்டன் கோணேசன் சொல்கிறார்: "அவங்கள் ஆள் பிடிச்சு வெண்டவங்கள், அண்ணை. நாங்கள் மானத்தோடை தோத்தனாங்கள்." ஆறு கோல் வாங்கின பிறகு என்ன மானம்?

ஏன் இவ்வளவு கொதிக்கிறேன்? பந்துதானே. ஆனால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? மனைவி றோஸ் யாழ்ப்பாணத்தில். அவளை இங்கே எடுக்கப் போட்ட விண்ணப்பம் போன வருடத்திலிருந்து அசையவில்லை. எல்லாத் தமிழரின் விண்ணப்பமும் அப்படியே கிடக்கிறது. போன் எடுத்தால், "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். அந்த மரியாதைக்கு முன்னால் கத்த முடியாது. மைதானத்தில் கத்தலாம். சனிக்கிழமை என்று ஒன்று இல்லாவிட்டால் எனக்கு விசர் பிடித்துவிடும். இந்த ரீம் இருக்கவேண்டும். இருக்கும். நான் இருக்கச் செய்வேன்.

1988 ஒக்ரோபர் 15, சனி

கூட்டம். பதினொரு பேர் சேரவில்லை. வருகிற ஓகஸ்டுக்குள் ஆள் இல்லாவிட்டால் ரீமைக் கலைக்கலாம் என்று கோணேசனே சொல்கிறார். கலைப்பதாவது! கதிர்காமுவுக்கு முகாமுக்குப் போகத் தெரியுமென்றால் எனக்கும் தெரியும். கோழிக்கறியும் வைக்கத் தெரியும்.

1988 நவம்பர் 12, சனி

கிடைத்துவிட்டான்.

பெயர் சிவானந்தன். முகாமுக்கு வந்து கொஞ்ச நாள்தான். நானே போய்ச் சாப்பாடு கொடுத்து ரயிலில் கூட்டி வந்தேன். இரவல் பூட்ஸ், அதுவும் பெரியது. அதைப் போட்டுக்கொண்டே மூன்று பேரைக் கடந்து போனான். பந்து அவன் காலைவிட்டுப் போக மனமில்லாமல் கூடவே போனது. நான் கத்த மறந்து நின்றேன். எங்கள் கல்லூரியில் படிக்காதவன் என்றாலும் விருந்தாளியாகச் சேர்க்கலாம் என்று கோணேசனும் இறங்கி வந்துவிட்டார்.

பிறகு கோல்கீப்பர் ஸ்ரிபனின் வீட்டில் தேநீர். எல்லோரும் அவனைச் சுற்றி இருந்து அன்பாகக் கதைத்தார்கள்.

"ஊரிலை எவடம் தம்பி?"

"மட்டக்களப்பு."

"மட்டக்களப்பிலை எவடம்?"

சொன்னான்.

"எந்தக் கொலிச்? அப்பா என்ன செய்யிறவர்?"

"நான் கொலிச்சுக்குப் போகல்ல அண்ணன். மில்லுக்குப் பின்னால இருக்கிற வெளியிலதான் விளையாடின."

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டான். களைப்பாக்கும். வருகிற சனி அவனைத் தொடக்கத்திலிருந்தே இறக்க வேண்டும். இன்று நித்திரை வராது, சந்தோஷத்தில்.

1988 நவம்பர் 19, சனி

வரவில்லை.

1988 டிசம்பர் 3, சனி

சிவானந்தன் வைலேக்கு ஆடுகிறானாம். கதிர்காமு! நான் தேடிப் பிடித்த பெடியனை! சாப்பாடு போட்டது நான், ரயிலேற்றியது நான், கடைசியில் கோல் அடிக்கப்போவது உனக்கோ? இண்டைக்கு உன்ரை கழுத்தைப் பிடிச்சுக் கேக்கிறன், பார்.

இன்று ரயிலைத் தவறவிட்டேன். போவேன்.

1989 ஜனவரி 14, சனி

வைலேக்குப் போனேன். மேட்டில் கதிர்காமுவின் வீடு. ஏறும்போது முழங்கால் சத்தியம் செய்தது, இனி வரமாட்டேன் என்று. கதவைத் திறந்தது யார்? சிவானந்தன். வழியில் தயாரித்த பேச்சையெல்லாம் விட்டு, சப்பாத்தைக் கழற்றினேன்.

உள்ளே ஏழெட்டுப் பெடியன்கள், ஒரே சட்டியில் சோறு குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு கோப்பை சோறு வந்தது. சாப்பிடமாட்டேன் என்று இருந்தேன். பிறகு சாப்பிட்டேன். சண்டை பிடிக்க வந்தவன் பசியோடு வந்திருக்கக் கூடாது.

"என்ன குடுத்து எடுக்கிறீர் இவங்களை?" என்று கேட்டேன்.

கதிர்காமு சிரிக்கவில்லை. "கோழிக்கறி உமக்கும் வைக்கத் தெரியும்தானே. நாங்கள் வலது காலோ இடது காலோ எண்டு கேப்பம். அதோடை சரி. உங்கட ஆக்கள் ஆற்றை மகன், எந்தத் தெரு எண்டு தோண்டி எடுத்துத்தான் பந்தைக் குடுப்பியள். பெடியன் பந்தடிக்க வந்தவனோ, பெண் கேட்டு வந்தவனோ?"

சிவானந்தன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நீங்க நல்ல மனிசன் அண்ணன். ஆனா அண்டைக்கு அந்த வீட்டில பந்தைப் பத்தி ஒருத்தரும் கேக்கல்ல."

திரும்பும்போது ரயில் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஸ்ரிபன் வீட்டில் கேட்டதை விடு. முகாமிலிருந்து கூட்டி வந்த ரயிலில், இருக்கையில் இருந்து ஒரு நிமிடம் ஆகவில்லை, "ஊரிலை எவடம்?" என்று முதலில் கேட்டது யார்? நான்தான். கேட்கிறோம் என்றுகூடத் தெரியாமல் கேட்கிறோம். கேட்டுத் தெரிந்துகொண்டு ஆளை எங்கே வைப்பது என்று மனதுக்குள் ஒரு கணக்கும் போட்டுவிடுகிறோம். அகதியாக வந்து நிற்கிறவன் இங்கேயும் அந்தக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டுமா?

கதிர்காமு சொன்னது சரியாக இருப்பதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

1989 பெப்ரவரி 11, சனி

கூட்டத்தில் சொல்லிவிட்டேன். கல்லூரிப் பெயர் வேண்டாம், சின்னம் வேண்டாம். பிரெடெரிசியா என்று மட்டும் போடுவோம். யாரும் வரலாம். ஊர், பள்ளிக்கூடம், தகப்பன் பெயர் எதையும் வந்தவனிடம் கேட்கக் கூடாது.

கோணேசன் எழும்பினார். "கொலிச் பேரை எடுத்தால் பிறகு அது ஆற்றை ரீம்?"

"வாறவன்ரை ரீம்."

"கண்டவன் நிண்டவன் எல்லாம் வருவான், அண்ணை."

"வரட்டும். கண்டவனும் நிண்டவனும்தான் வைலேயிலை கோல் அடிக்கிறான்."

கை தூக்கினோம். ஸ்ரிபன் யோசித்து யோசித்துக் கடைசியாகத் தூக்கினார். என் பக்கம் ஒரு கை கூடிவிட்டது. கோணேசன் ஜேர்சியை மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார். அடித்துச் சாத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

1989 பெப்ரவரி 12, ஞாயிறு

ஜேர்சிகள் எல்லாம் என் கட்டிலில். நெஞ்சில் இருக்கிற சின்னங்கள் றோஸ் கையால் தைத்து அனுப்பியவை. அவளுடைய நூல் இங்கே வந்திருக்கிறது, அவளைத்தான் விடுகிறார்கள் இல்லை. இதைப் பிரிப்பதா? கத்தரிக்கோலை எடுத்தேன், வைத்தேன். அவளுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.

1989 மார்ச் 18, சனி

கோணேசன் வைலேக்கு ஆடப் போய்விட்டார்.

மானம், மரியாதை, கல்லூரி! இவ்வளவும் கதைத்துவிட்டு எதிர்க் கல்லூரிக்காரனிடம்! மூன்று தரம் சிரித்தேன். பிறகு அழுகை வரப் பார்த்தது. ஒரே கல்லூரியில் படித்தவன் அவன்.

1989 ஏப்ரல் 5, புதன்

றோஸின் பதில் வந்தது. "பிரிக்கிறதெண்டால் சின்னக் கத்தரிக்கோலாலை பிரியுங்கோ, துணி கிழிஞ்சுபோம். நான் கொலிச்சுக்கெண்டு தைக்கேல்லை. அந்தக் கொலிச்சுக்குள்ளை என்னை ஒருநாளாவது விட்டவையோ?"

அதானே.

வேலையால் வந்து இருந்து எல்லாவற்றையும் பிரித்துவிட்டேன். டெனிஷ் ரீவியில் தமிழ்க் குடும்பங்களின் விண்ணப்பங்களைப் பற்றி மறுபடியும் கதைத்தார்கள். யாரோ ஏதோ பிழை விட்டதாகச் சொல்கிறார்கள். பாதிதான் விளங்கியது. பிழை என்று அவர்களுடைய வாயாலேயே வந்ததே.

1989 மே 6, சனி

முகாமிலிருந்து இன்னுமொருவன் வந்திருக்கிறான், பீற்றர். இடது கால். காற்றுமாதிரி ஓடுகிறான். பந்து வந்தால் மட்டும் எங்கேயோ பார்க்கிறான். "பீற்றர், தலையை நிமிர்த்தடா!" என்று கத்திக் கத்தி என் குரல் போய்விட்டது. நாய்க்காரக் கிழவர் இன்று ஒன்றும் சொல்லவில்லை. நின்று முழுவதும் பார்த்தார்.

தேநீர் நேரம் ஸ்ரிபன் அவன் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். எனக்குத் தெரியும், என்ன வரப்போகிறது என்று. ஒரு வடையை எடுத்து அந்த வாயில் வைத்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், பீற்றரைத் தவிர. அவனுக்கு எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

1989 யூலை 1, சனி

பதினாலு பேர் வந்தார்கள். மன்னார், திருகோணமலை, தீவுப்பகுதி என்று கதையில் தானாக வந்து விழுகிறது. நாங்கள் கேட்கவில்லை.

1989 ஓகஸ்ட் 5, சனி

இரண்டுக்கு ஒன்று. தோற்றோம்.

ஆனால் எப்படி ஒரு மட்ச்! இடைவேளைவரை நாங்கள் முன்னால். பீற்றர் இடது பக்கத்தால் ஓடினான், நான் கோட்டோரமாக அவனோடு நொண்டிக்கொண்டு ஓடினேன், கத்திக்கொண்டே. அடித்தான். வைலேக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு சிவானந்தன் இரண்டு போட்டான். அவன் போட்டால் என்ன செய்வது? என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன். ஸ்ரிபன் கோலுக்குள் நின்று முறைத்தார்.

கோணேசன் கடைசிவரை ஆட இறங்காமல் வைலேயின் வாங்கில் இருந்தார். அவர்களிடம் முன்னுக்கு ஆட ஆள் கூடிப்போய்விட்டதாம். எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

சாமான் கட்டிக்கொண்டு திரும்பினால், கதிர்காமு பீற்றரின் தோளில் கை போட்டபடி நிற்கிறார். கையில் பார்சல். பீற்றர் என்னைக் கண்டு பார்வையை மாற்றினான்.

1989 ஓகஸ்ட் 12, சனி

மழை. பயிற்சி இல்லை. பீற்றர் போன் எடுக்கவில்லை.

1989 ஓகஸ்ட் 19, சனி

பீற்றர் வந்தான், ஆடினான், போனான். ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் கெஞ்சிவிடுவேன். போகிறவன் போகட்டும். முகாம் அங்கேயே இருக்கிறது, நான் இன்னொருவனைக் கூட்டி வருவேன், அவனும் போனால் அடுத்தவனை. கதிர்காமுவுக்குக் கார் இருக்கிறது, எனக்குப் பிடிவாதம் இருக்கிறது.

இப்படி எழுதினாலும், சோறு இறங்கவில்லை.

1989 செப்ரெம்பர் 5, செவ்வாய்

வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றவில்லை, போன். கதிர்காமு.

"உம்மட பெடியன் வரமாட்டானாம்."

கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.

"தனி அறை எடுத்துத் தாறன் எண்டன். வேலைக்கும் கதைக்கிறன் எண்டன். மாட்டானாம். ஏனெண்டு கேட்டன். 'அங்கை ஒரு ஆள் கோட்டிலை நிண்டு என்ரை பேரைச் சொல்லி ஏசும். இந்த நாட்டிலை வேறை ஒருத்தருக்கும் என்ரை பேர் தெரியாது' எண்டான்." பிறகு சொன்னார்: "நானும் இவ்வளவு பேரை வைச்சிருக்கிறன், மரியரட்ணம். எங்கட மட்ச் பாக்க ஒரு குருவி வாறதில்லை."

போனை வைத்த பிறகும் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். சப்பாத்தும் காலிலேயே இருந்தது.

1989 செப்ரெம்பர் 9, சனி

பீற்றர் இன்று கீப்பர் இல்லாத வெறும் கோலுக்கு முன்னால் நின்று பந்தை வேலிக்கு மேலால் அடித்தான். தொண்டை கட்டும்வரை ஏசினேன்.