சுவர் வேர்க்கிறதென்று சொல்லி ஒரு குழந்தையின் மூச்சைக் குறைத்தது குறித்து

அனுப்புநர்
பூட்டு, சாவி வேலை செய்பவர்,
(குழந்தையின் தாய்மாமன்).

பெறுநர்
உயர்திரு சுகாதார அலுவலர் அவர்கள்,
குடியிருப்புப் பிரிவு.

பொருள்: படுக்கையறைச் சுவரில் ஓதமும் பூஞ்சையும் ஏறி, ஆறு வயதுக் குழந்தைக்கு மூச்சிரைப்பு வந்தமை – வீட்டு உரிமையாளருக்கு மறக்க முடியாத தண்டனை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தங்கை, மாப்பிள்ளை, அவர்களின் ஒரே மகள் ஆகிய மூவரும் வாடகைக்கு இருக்கும் கீழ்வீட்டின் படுக்கையறையில் எட்டாவது கடல் உருவாகி வருவதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன். மாடியில் உரிமையாளர் குளிக்கும் தண்ணீர், உடைந்த குழாய் வழியாக இந்தச் சுவருக்குள் இறங்குகிறது. அவர் தலைக்குக் குளித்தால் எங்கள் அலமாரித் துணியைப் பிழிந்து ஒரு வாளி நிரப்பலாம். பூஞ்சை வளர்ந்த வளர்த்திக்கு, கண் மூக்கு வைத்துவிட்டால் வாடகை ஒப்பந்தத்தில் அதையும் சேர்க்க வேண்டியதுதான்.

2. அந்தச் சுவரை ஒட்டித்தான் குழந்தையின் கட்டில். வேறு இடமில்லை. படுத்தால் அவள் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போலச் சத்தம். ஓதத்தை நிறுத்தாமல் எந்த மருந்தும் பிடிக்காது என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார்.

3. தங்கை முறையிட்டதும் சுண்ணாம்புச் சக்கரவர்த்தி கீழே எழுந்தருளினார். (எதற்கும் வெள்ளையடிப்பதே உரிமையாளரின் ஆட்சிமுறை என்பதால் நான் சூட்டிய பட்டம்.) சுவரைத் தொடாமலே தீர்ப்பு வழங்கினார்: "குழாய்ல ஒண்ணும் இல்லம்மா. உள்ளயே அடைஞ்சு கெடந்து எல்லாரும் மூச்சு விட்டுக்கிட்டே இருந்தா சுவர் வேர்க்கத்தானே செய்யும்? கொஞ்சம் அளவா இருங்க. இல்லன்னா வேற வீடு பாத்துக்குங்க."

4. பிறகு தங்கள் ஆய்வாளர் வந்தார். அவர் வரும் செய்தி அவருக்கு முன்பே மாடிக்குப் போய்விட்டதால், அன்று காலையே சுவருக்கு வெள்ளை பூசியாயிற்று. ஆய்வாளர் அதில் சாய்ந்து நின்றபடி "சுவர் உலர்ந்துள்ளது" என்று எழுதினார். புறப்படும்போது அவருடைய நீலச் சட்டையின் முதுகில் பாதிச் சுவர் உடன் போயிற்று. பார்த்தேன், சொல்லவில்லை. அச்சட்டையைத் துவைக்க விடாமல் சாட்சியமாகக் கைப்பற்றும்படி வேண்டுகிறேன்.

5. இதுவரை எனக்குச் சிரிப்புதான் வந்தது, ஐயா. போன வாரம் குழந்தை கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டிருந்தாள். விளையாட்டு என்று நினைத்து நானும் கன்னத்தை உப்பிக் காட்டினேன். கையை எடுத்து, இரைத்து முடித்து, என் காதோடு சொன்னாள்: "மாமா, நான் இப்பல்லாம் கொஞ்சமாதான் மூச்சு விடுறேன். மாடித் தாத்தாகிட்ட சொல்லிடு. எங்கள அனுப்ப வேணாம்னு சொல்லு."

ஓடுகிற பேருந்தையும் பேசியே நிறுத்தும் வாய் என்னுடையது. அன்று எழுந்துபோய்ச் சன்னலைத் திறந்துவிட்டதோடு சரி.

6. குழாயைச் சரிசெய்ய வைப்பது தங்கள் கடமை, செய்வீர்கள். எனக்கு அது போதாது. விசாரணையை அந்த அறையிலேயே நடத்துங்கள். சன்னல் சாத்தியிருக்க வேண்டும். சக்கரவர்த்தி குழந்தையின் கட்டிலில், முதுகு சுவரில் பட அமர்ந்து, அளவாக மூச்சு விடுவது எப்படியென்று சபைக்குச் செய்து காட்ட வேண்டும். குழாய் சரியாகும்வரை அவருக்கு ஜாகை அங்கேயே. குழந்தைக்கு மாடியில் அவருடைய அறை. கீழறைக் கதவுக்கு நல்ல பூட்டாக நானே இலவசமாகப் போட்டுத் தருகிறேன். சாவி தங்களிடமே இருக்கட்டும். என்னிடம் இருந்தால் தொலைந்துவிடும்.

7. கடைசியாக ஒன்று. வெளியே வரும் நாளில் அவர் குழந்தையின் முன் நின்று, எவ்வளவு வேண்டுமானாலும் மூச்சு விடலாம் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவள் கேட்கவில்லை. வீடு மாமாவுடையது இல்லையே என்கிறாள்.

அவள் சார்பில்,
தாய்மாமன்
(ஒப்பம்)

இடம்: மேற்படி சுவருக்கு எதிரே
நாள்: அவள் பள்ளிக்குப் போகாத இன்னொரு திங்கட்கிழமை

இணைப்பு: குழந்தையின் தலையணை உறை ஒன்று. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பிரிக்கவும்.