தாடையில உங்கப்பா பூசின வச்சிரம்

கண்ணு பாப்பாவுக்கு அம்மா எழுதறது. இங்க நாங்க மூணு பேரும் உசுரோட இருக்கோம், அங்க நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கியா? பதறாதே, உன் மாமனுக்குக் கை உடைஞ்சிருக்கு, என் மண்டையில ஏழு தையல், அவ்ளோதான். பத்தொன்பது வயசுல என்னைப் பெத்துட்டு இப்ப என் படிப்பைத் திருடிப் படிக்கறியேன்னு கேலி பண்ணுவியே, பழங்காலப் பல்லுல புரதம் தேடற உங்க லேப் வீடியோவையெல்லாம் நூறு தடவை பார்த்து, ஆன்லைன் குரூப்ல பல்லம்மான்னு பேரே வாங்கினேனே, அந்தப் பைத்தியம்தான் இப்ப கை கொடுத்துச்சு. செவ்வாக்கிழமை நான் குவாரி எடைமேடையில லாரிக்குச் சீட்டு கிழிச்சிட்டிருக்கேன், மாமன் தோண்டுற மெஷினை அப்படியே நிறுத்திட்டு ஓடியாந்து அக்கா பல்லு, பல்லுங்கறான். போய்ப் பார்த்தா அய்யோ பாப்பா, என் முழங்கை நீளத்துக்குத் தாடை, ஒவ்வொரு பல்லும் தீப்பெட்டி சைஸு! நான் குதிச்ச குதியில செருப்பு அறுந்துபோச்சு. அந்த எனாமலுக்குள்ள புரதம் ஒரு துளி மிச்சமிருந்தா போதுமே, அதோட அமினோ அமில வரிசையைப் படிச்சு ஒப்பிட்டு, இது காண்டாமிருகத்துக்கு ஒண்ணுவிட்ட அண்ணனா இல்ல வம்சமே அத்துப்போன ஜென்மமான்னு நீ சொல்லிடுவியே!

அதுக்குள்ள மேஸ்திரி வந்துட்டான். செத்த மாட்டை எவனோ பொதைச்சிருக்கான், வெளிய தெரிஞ்சா குவாரியை மூடிருவாங்க, ஜல்லி மெஷின்ல போட்டு அரைங்கடான்னான். மாமன் குறுக்க நின்னான். மேஸ்திரி கடப்பாரையை வீசினான் பாரு, மாமனோட முன்னங்கை மடார்னு மடங்கி எலும்பு தோலைக் கிழிச்சுட்டு வெளிய வந்துருச்சு. எனக்குக் கண்ணு இருட்டிருச்சுடி. லாரி ஜாக்கிக் கம்பி கைக்கு ஆப்புட்டுச்சு, அவன் வாயிலயே ஒண்ணு போட்டேன். அவன் என் முடியைப் பிடிச்சு பம்பர்ல மோத, நான் அவன் காதைக் கடிச்சு விடவே இல்ல, டிரைவருங்க நாலு பேரு சேர்ந்துதான் பிச்சு எடுத்தாங்க. அவனோட பல்லு ஒண்ணு ரத்தத்தோட மண்ணுல கிடந்துச்சு, சாம்பிள்ல கலந்துடப்போகுதுன்னு முதல்ல அதைத்தான் தூர எறிஞ்சேன், சிரிக்காதே. எங்களை ஆஸ்பத்திரியில இறக்கிட்டு டிரைவருங்க தாடையை நம்ம வீட்ல கொண்டுபோய் வெச்சாங்க, அங்கதான் காரியம் கெட்டுச்சு பாப்பா. தாடை விரிசல் விடுதேன்னு உங்கப்பா, தச்சுவேலைக்காரப் புத்தி போகுமா, மேஜைக்கால் ஒட்டற வச்சிரப் பசையைக் காய்ச்சி ஆசை ஆசையா தடவிட்டாரு! அது மாட்டுத்தோலைக் காய்ச்சின பசை, முழுக்க மாட்டுப் புரதம். மேஸ்திரி மாடுங்கறான், நீங்க தாடையைச் சுரண்டினாலும் மாடுன்னுதானே வரும்? நான் கத்தின கத்துல மனுஷன் ரெண்டு நாளா சரியா சாப்பிடல, நீ ஒரு வார்த்தை பேசிடு. அடிதடி போலீஸ் வரைக்கும் போக, கனிமத்துறை ஆபீஸர் வந்து குழிக்கு சீல் வெச்சிருக்காரு, உங்க லேப் பதில் வர்ற வரைக்கும்தான். பழசுன்னா குழி பிழைக்கும், மாடுன்னா மறுநாளே குழியில மிச்சமிருக்கற எலும்பும் ஜல்லிதான்.

அதனால வச்சிரம் அவ்வளவா படாத ஒரு பல்லை அனுப்பறேன். வேர்ல கொஞ்சம் பசை இருக்கு, ஓரத்துல இருக்கற கறை என் ரத்தம், ரெண்டையும் உங்க புரொபசர்கிட்ட மறைக்காம சொல்லிடு. அதே வச்சிரத்துல ஒரு துண்டு தனிப் பொட்டலத்துல இருக்கு, எது பசையோட புரதம்னு ஒப்பிட்டுக் கழிச்சுடுங்க. மேல்தோலைக் கழுவித் தள்ளிட்டு எனாமலோட உள்பக்கத்தை மட்டும் எடுங்க, பழைய புரதம்னா வயசான சிதைவு தெரியும்னு நீங்கதானே வீடியோல சொன்னீங்க.

நீ தொட்டதெல்லாம் துலங்கணும், நோய் நொடி அண்டாம நூறு வயசு பல்லு விழாம இருக்கணும். ஒண்ணு மட்டும் மறந்துடாதே. இவ்வளவும் கழிச்சு உள்ளார பார்த்தும் மாடுதான்னு வந்தா, மாடுன்னே எழுது. அம்மா மண்டைக்காகவோ மாமன் கைக்காகவோ அதுக்கு ஒரு வருஷம்கூட வயசைக் கூட்டிடாதே. மாட்டு எலும்புக்கா இப்படி அடிச்சுக்கிட்டீங்கன்னு ஸ்டேஷன்ல சிரிச்சா, ஆமாய்யா, அதுக்குத்தான்னு நானே சொல்லிக்கறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெத்தவ