பத்து மணிக்குக் கோர்ட்

செங்கல் சுமந்து கழுத்து திரும்பவில்லை. உங்களை எழுப்பிச் சண்டை போடத் தெம்பில்லாமல் எழுதி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன்.

சோறு வடித்திருக்கிறது. பத்து மணிக்குக் கோர்ட். சலவைச் சட்டைப் பையில் அபராதப் பணம் இருக்கிறது; வழியில் எங்கும் ஒதுங்க வேண்டாம்.

"நான்தான் ஓட்டினேன்னு சொல்லிடறேன், மாமா தப்பிச்சுக்கட்டும்" என்று என் தம்பி ஒற்றைக்காலில் நிற்கிறான். அந்த மடையனுக்கு லைசென்ஸே கிடையாது. போலீஸ்காரர் நீட்டிய கருவியில் ஊதியதும் நீங்கள்தான். குடித்துவிட்டு ஓட்டினேன் என்று ஒப்புக்கொள்ளுங்கள். லைசென்ஸ் போனால் போகட்டும், என்னோடு செங்கல் தூக்கலாம். பொய் சொல்லி அவனும் உள்ளே போனால் என் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

லாரிச் சாவி என்னிடம் இருக்கிறது. தேடாதீர்கள்.

இன்னொன்று: திரும்பும்போது ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உங்கள் லாரி இடித்துக் கை ஒடிந்து கிடக்கும் பேப்பர்காரரிடம் நீங்கள் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அது பாக்கி.