அப்பா ஞாபகம் வச்சிருக்கிற பச்சைப் புடவை

மாதா துணை

நெய்வேலி, பிளாக் 21
21.8.2016

அன்பு மகன் அலெக்ஸுக்கு அம்மா எழுதுவது. வெள்ளிக்கிழமை சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டர் ரூமுக்குள் இருந்தவங்க நாலு பேர், டாக்டரம்மா, உங்கப்பா, நான், உன் தங்கச்சி வினோலியா. நீ ஒருத்தன்தான் இல்லை. மஸ்கட் வெயிலில் உன் உடம்பு கெடாம இருக்கணும்னு தினமும் ஜெபமாலையில் உன் பேரைச் சொல்றேன், நாங்களும் மாதா கிருபையில் நடமாடிக்கிட்டு இருக்கோம். போனில் பேசினா அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகினு கேட்கிறார், அதனால்தான் இதை எழுதி, நாளன்னைக்கு மஸ்கட் திரும்புற பக்கத்து வூட்டு மஹ்பூபா மகன் சதாம் கையில் கொடுத்தனுப்புறேன்.

போன வருஷம் குடலில் ஆபரேஷன் பண்ணி எடுத்த கட்டி இப்ப மூளையில் மூணு இடத்தில் துளித்துளியா வந்திருக்குன்னு உனக்குத் தெரியும். அதுக்குக் கரண்டு, அதான் ரேடியேஷன், வைக்கிறதில் ரெண்டு வழி இருக்காம். ஒண்ணு தலை முழுக்க, பத்து நாள். கண்ணுக்குப் படாத துளி இருந்தாலும் அடிபடும், ஆனா நல்ல மூளையும் சேர்ந்து அடிவாங்கும், மாசக்கணக்கு கழிச்சு மறதி வரலாம், யோசனை மந்தமாகலாம், அப்படிப் போனது திரும்புறது கஷ்டம். இன்னொண்ணு அந்த மூணு இடத்துக்கு மட்டும் குறிவச்சுக் கொடுக்கிறது. மத்த மூளை பெரும்பாலும் தப்பிச்சுக்கும், ஆனா அந்த இடத்தைச் சுத்தி வீங்கலாம், வேறே இடத்தில் புதுசா முளைக்கலாம், அதனால மூணு மாசத்துக்கொரு தரம் ஸ்கேன் பார்த்தே ஆகணும். இவருக்கு எதைச் செஞ்சாலும் ஆயுசில் பெரிய வித்தியாசம் இருக்காதுன்னாங்க, அதை நான் ரெண்டு தரம் கேட்டு எழுதிக்கிட்டேன். உங்கப்பா உடனே, அப்போ ஒண்ணு நம்ம மைன்ஸ் மாதிரி மேல்மண்ணு மொத்தமும் வாரணும், இன்னொண்ணு போர் போடுற மாதிரின்னார். டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க.

நீ போனில் தலை முழுக்க வச்சிடுங்க, மிச்சம் வைக்காதீங்கன்னு சொன்னே. நானும் அங்கே போற வரைக்கும் அதே எண்ணத்தில்தான் இருந்தேன். பால் கணக்கு நோட்டோட பின்பக்கம் அப்பா மறக்கிறதையெல்லாம் தேதி போட்டு எழுதி வச்சிருந்தேன், அதை டாக்டரம்மா வாசிக்கச் சொன்னாங்க. ஆகஸ்ட் நாலாந்தேதி, ஷிப்ட் முடிஞ்சு வந்தவர் பக்கத்துத் தெரு விஜயகுமாரி குவார்ட்டர்ஸுக்குள் போய் செருப்பைக் கழட்டிட்டு உட்கார்ந்து காபி கேட்டார்னு வாசிச்சேன். அப்பா என்னைப் பார்த்துட்டு, எல்லா வூடும் ஒரே அச்சு, இது ஒரு வியாதியான்னார். கல்யாணமாகி வந்த மூணாம் நாள் நீ நம்ம வூடுன்னு நினைச்சு சாமியம்மாள் வூட்டுக்குள்ளே போய் அடுப்பில் உலை வச்சுட்டு உப்பு டப்பாவைத் தேடலையா, கொல்லையிலிருந்து வந்த அவங்க மேல் தட்டில் இருக்கும்மான்னு சொல்லிட்டு அப்புறந்தானே நீ யாருன்னு கேட்டாங்க, உன்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டியாந்து விட்டப்போ கிளிப்பச்சைப் புடவை கட்டியிருந்தே, முந்தானையில் கரி ஒட்டியிருந்துச்சுன்னு சொன்னார். வினோலியா சிரிச்சு சிரிச்சு இருமிட்டா.

அலெக்ஸு, எனக்கு அந்தப் புடவையே மறந்து போச்சுப்பா. இத்தனை கணக்கு எழுதுறவள் அந்த நாளை எங்கேயும் எழுதி வைக்கலை, அது அவர் தலையில் மட்டும்தான் இருக்கு. பஸ்ஸில் வரும்போது வினோலியாகிட்ட, உங்கம்மா பேரு மறந்துட்டா என்ன பண்றதுன்னு கேட்டாராம். இருபத்தேழு வருஷமா என்னை இந்தான்னுதான் கூப்பிட்டார், இப்போதான் என் பேருக்குக் கவலை வந்திருக்கு.

அதனால குறிவச்சுக் கொடுக்கிறதே போதும்னு என் மனசு சொல்லுது. புதுசா வந்தா அப்போ பார்ப்போம், ஸ்கேனுக்குக் கூட்டிப் போறது என் பொறுப்பு, முதல் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுட்டேன். ஆனா அப்பா, பெரியவன் சொல்லாம கையெழுத்துப் போடமாட்டேங்கிறார். இருபத்தொன்பதாந்தேதி, வேளாங்கண்ணியில் கொடியேத்துற அன்னைக்கு, ஆஸ்பத்திரியில் வரச் சொல்லியிருக்காங்க. சதாம்கிட்ட முறுக்கும் இஞ்சி மிட்டாயும் இருக்கு, ரூமில் எல்லாருக்கும் கொடுத்துச் சாப்பிடு. ஞாயித்துக்கிழமை பூசையை விடாதே. மாதா உன்னைக் கைவிடமாட்டாள்.

எதுவானாலும் வெள்ளிக்கிழமைக்குள்ள அப்பாவுக்கு போன் போட்டு உன் வாயால் பதில் சொல்லுப்பா.

அம்மா,
லூசியம்மாள்