கை நுழையாத சட்டை

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். எங்கள் துணி நிறுவனம், யார் தயவும் இல்லாமல் நடக்கிற சின்னக் கலைக்கூடங்களுக்குக் கைகொடுக்கப்போகிறது. ஐந்து கூடங்கள் சேர்ந்து எங்கள் கடையிலேயே ஒரு கண்காட்சி. அதில் ஒன்று, பழைய கார் பட்டறையில் நீ நடத்துகிற கூடம்! நான் சிபாரிசு செய்யவில்லை, சத்தியம். "துணிக்கடைக்குப் போயிட்டியே" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல், நல்லதாக ஒரு படைப்பு அனுப்பு.

உன் சிட்டு

ஜூன் 11

சிட்டுக்கு,

கூரை ஒழுகுகிற கூடத்துக்கு இது பெரிய விஷயம்தான். அனுப்பப்போவது ஒரு சட்டை. மூன்று ஆள் உயரம். செய்தவள் பல வருஷம் தொழிற்சாலையில் சட்டைக்குக் கை மட்டுமே தைத்தவள். இதில் இரண்டு கைகளின் வாயையும் மூடித் தைத்திருக்கிறாள். யாராலும் போட முடியாது. உன் முதலாளிகள் முகம் சுளிப்பார்களோ? இதோடு அதன் படம் வைத்திருக்கிறேன். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

அக்கா

ஜூன் 20

அக்கா,

மேலாளர் படத்தைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம வாசல்ல வச்சே நம்மளக் கிண்டல் பண்ற மாதிரி இருக்கே" என்றார். கீழே வேண்டாமாம். மாடியில், தையல் அறைக்கு எதிரே மாட்டலாமாம். விருந்தாளிகள் அங்கே ஏறவே மாட்டார்கள். வாதாடிப் பார்த்தேன், அசையவில்லை. வேறு ஏதாவது அனுப்பிவிடேன். கூரையை நினைத்துப் பார்.

சிட்டு

ஜூன் 26

சிட்டு,

உன் கடிதம் படித்ததும் சுர்ரென்று வந்தது. எதுவுமே அனுப்புவதில்லை என்று எழுதி, உறையையும் ஒட்டிவிட்டேன். சட்டை தைத்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று போனேன்.

"மேல தையல் ரூமா? தைக்கிற ஆளுங்க தினம் அந்த வழியாத்தானே போவாங்க?"

"ஆமா."

"அப்ப அங்கயே மாட்டச் சொல்லுங்க" என்றாள்.

அவள் சட்டை, அவள் முடிவு. லாரியில் வருகிறது, பத்திரமாக இறக்கு. திறப்பு விழாவுக்கு வர எனக்கு மனம் இல்லை. கோபித்துக்கொள்ளாதே.

அக்கா

ஜூலை 9

அன்பு அக்கா,

நேற்று திறப்பு விழா. கீழே கூட்டம், கேமரா, கைதட்டல். உன் கூடத்தைப் பெயர்ப் பலகையில் மட்டும்தான் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்று மதியம் மாடிக்குப் போனேன். தையல்காரர்கள் சாப்பாட்டுடன் சட்டைக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி சட்டைக் கையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, "பிரிச்சுப் பிரிச்சுத் தச்சிருக்கா. ஆத்திரம் தீரல போல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

மெஷின் சத்தம் கேட்கவில்லையே என்று மேலாளர் ஏறி வந்தார். நகர்ந்து உட்கார்ந்து அவருக்கும் இடம் விட்டார்கள். அவர் உட்காரவில்லை. சட்டையை அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

"தச்சவங்களப் பாக்கணுமே" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்துக்கு அவளை அழைத்து வருகிறாயா? கீழே யாரிடமும் கேட்க வேண்டாம், இரண்டு பேரும் நேராக மாடிக்கு வந்துவிடுங்கள். நானும் அங்கேதான் இருப்பேன்.

சிட்டு